கழற்றி வைத்த கதவு

என் மாமியாரை யாராவது குறை சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருத்தி, "வலியசாலைத் தெருவையே மடி மடின்னு ஆட்டி வெச்சவளாச்சே, மாட்டுப்பொண்ணை என்ன பாடுபடுத்தினாளோ" என்றாள். நான் தலையை நீட்டி, "அந்த மாட்டுப்பொண் நான்தான். பாடு ஒண்ணும் படலை. நீ பாயசத்தைக் குடி" என்றேன். அதற்கப்புறம் அவள் அப்பளத்தைக்கூடச் சத்தமில்லாமல்தான் தின்றாள். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. அம்மா எனக்கு என்ன செய்தாள் என்று தெரிந்தவர்களில் மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். நானும் வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் பந்தியில் பேசினதுதான் நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்றுதான் எழுதுவேன். பெற்றவளை யாராவது அவர் இவர் என்று எழுதுவார்களா என்ன.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பல விஷயங்கள் எனக்கு நினைவில்லாதவை. நான் அங்கேதான் இருந்தேன், என் வாய்தான் பேசியது, என் கைதான் செய்தது. ஆனாலும் எனக்குத் தெரியாது. அம்மாவோ என் வீட்டுக்காரரோ டாக்டரோ பிறகு சொல்லித்தான் தெரிந்தது. அப்படிக் காதால் கேட்டதைக் கேட்டது என்றே சொல்வேன்.

நான் பிறந்தது நாகர்கோவில் பக்கம். சின்ன வயதிலேயே பெற்றவள் போய்விட்டாள். அப்பா என்னை வடக்கே வெகுதூரத்தில், மலையாளச் சீமையில், கோயில் மடைப்பள்ளியில் வேலையாயிருந்த ஒரு உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே சில வருஷம் வளர்ந்தேன். எப்படி இருந்தாய் என்று யார் கேட்டாலும் "நன்னாத்தான் இருந்தேன்" என்பேன். அது பொய்யில்லை, எனக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். சுதந்திரம் வந்த மறு வருஷம், அதே மலையாளச் சீமையில், வலியசாலை அக்ரகாரத்தில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் ஹஜூர் கச்சேரியில், சர்க்காரின் தலைமை ஆபீசில், கிளார்க். வீட்டில் அவர், நான், அம்மா. அவருடைய அக்கா கரமனையில் இருந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான்.

என் நாட்களில் ஓட்டைகள் இருக்கும். அரிசி களைந்து உலையில் போட்டது நினைவிருக்கும், அடுத்தபடியாகச் சாதம் குழைந்து அடிபிடித்து, யாரோ என்னைத் திட்டிக்கொண்டிருப்பது நினைவிருக்கும். நடுவில் ஒன்றுமே இருக்காது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அவரிடம், "ஏன்னா, நேத்திக்கு மத்தியானம் உங்களுக்கு இருந்துதா?" என்று கேட்டேன். "மத்தியானம் எல்லாருக்கும்தான் இருந்தது" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. மாதத்தில் மூன்று நாள், தூரமானால், பெண்கள் அதில்தான் இருக்க வேண்டும். குளித்து மடியாகத் தண்ணீர் இறைக்கப் போகிறவர்களின் கண்ணில் படக்கூடாது என்று கதவைச் சாத்தி வைப்பார்கள். காற்றில் திறந்துகொள்ளும் என்பதால் வெளிப்பக்கம் கொண்டி. சாப்பாட்டு நேரத்தில் கதவைத் திறந்து இலையைத் தரையில் வைத்து உள்ளே தள்ளுவார்கள். இது ஒன்றும் எங்கள் வீட்டுக் கொடுமை இல்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

கல்யாணமான சில மாதத்தில், அந்த அறைக்குள்ளிருந்து வேறு யாரோ பேசுவது அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. சின்னக் குரல். மலையாளம். "வாதில் துறக்கணே, எனிக்குப் பேடியா" என்று, கதவைத் திறக்கச் சொல்லி, பயமாயிருக்கிறது என்று. திறந்து பார்த்தால் நான் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். தமிழில் கேட்டால் பதில் இல்லை. எட்டு வயதுப் பெண் போல முகத்தைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேனாம். எனக்கோ அந்த மாதம் மூன்று நாளும் நன்றாகத் தூங்கியதாக நினைவு.

மாதா மாதம் இது நடந்தது. தூரமான பெண்ணை யட்சி பிடிக்கும் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மலையாளம் பேசுகிற யட்சி என்றால் சந்தேகமே இல்லை. எதிர்வீட்டு மாமி சொல்லி ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தார்கள். அவன் தரையில் பொடியால் களம் போட்டு, புகை போட்டு, அது தப்பி ஓடக்கூடாது என்று அறைக் கதவைச் சாத்தச் சொன்னான். சாத்தினார்கள். நான் அன்றைக்கு நினைவு தப்பிப் போனவள், திரும்பி வர மூன்று நாள் ஆயிற்றாம். "யட்சி பலமானது, இன்னொரு தடவை செய்யணும்" என்று அவன் சொல்ல, அம்மா, "நீ பண்ணினதே போறும், எழுந்திருந்து போ" என்று அனுப்பிவிட்டாள். யட்சியின் மேல் இல்லை, அவன் மேல்தான் அவளுக்கு நம்பிக்கை போனது.

நாத்தனாருக்கு வேறு கவலை. "அது வந்து தொட்ட பாத்திரத்தையெல்லாம் என்னம்மா பண்ணறது? சமைக்கறச்சே வந்துட்டா?" என்று கேட்டாளாம். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கார்த்தால கிணத்தடியில குளிச்சது இந்த உடம்பு. நான் பார்த்திண்டிருந்தேன். உள்ள யாரு உக்காந்திண்டிருந்தா எனக்கென்ன? மடி உடம்புக்குத்தான், கேட்டியா." மடி விஷயத்தில் அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று என்னைப் பற்றி முதன்முதலில் சொன்னது டாக்டர் இல்லை, அம்மாதான். சாஸ்திரத்துக்காகச் சொன்னாள், அது வேறு விஷயம்.

பிறகு குழந்தை பிறந்தது. பெண். எனக்குத் தாய்வீடு இல்லாததால் பிரசவமும் வலியசாலையில்தான். நாத்தனார்தான் பத்தியம் வடித்துப்போட்டாள், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். குழந்தை தவழ ஆரம்பித்த சமயம் ஒரு மழை நாள். நான் குழந்தையோடு படுக்கையறையில் படுத்திருந்தேன். சாரல் அடிக்கிறது, குழந்தைக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று நாத்தனார் ஜன்னலையும் கதவையும் இறுக்கிச் சாத்திவிட்டுப் போனாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மழைச் சத்தத்தில் வெகுநேரம் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் திறந்தபோது குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, நெற்றி புடைத்து, அழுது அழுது குரல் கம்மிக் கிடந்ததாம். நான் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம்.

நாத்தனார் அன்றைக்கே குழந்தையைக் கரமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் எனக்கு மார் கட்டிக்கொண்டு வலித்தது. பாலைப் பீச்சிச் செடிக்கு ஊற்றச் சொன்னார்கள். என்னை மதில் வைத்த பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா என்று உறவில் சிலர் அவரிடம் கேட்டது என் காதிலேயே விழுந்தது. அங்கே போனால் குழந்தை எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் நாத்தனார் குழந்தையைக் கொண்டு வருவாள், என் மடியில் வைப்பாள், தானும் பக்கத்திலேயே உட்காருவாள். பொழுது சாய்வதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். குழந்தை பேச ஆரம்பித்ததும் அவளை அம்மா என்றது. என்னை வலியசாலை அம்மா என்றது.

அவருடைய ஆபீசில் மேலதிகாரி ஒருவர் ஒரு லேடி டாக்டரைப் பற்றிச் சொன்னார். வழுதக்காட்டில் தன் வீட்டிலேயே பார்க்கிற மலையாளத்து அம்மாள். மெட்ராஸில் மனநோயாளிகளிடம் வெகுகாலம் வேலை பார்த்தவர். நாங்கள் கிளம்பும்போது அம்மா ஒரு குப்பியைக் கழுவி, துடைத்து, புதுத் தக்கை போட்டு என்னிடம் கொடுத்தாள். டாக்டர் என்றால் மிக்சர் தருவார், குப்பியில் காகிதத்தை வெட்டி ஒட்டி வேளைக்கு இவ்வளவு என்று காட்டுவார் என்பதுதானே அன்றைக்கு வழக்கம்.

டாக்டர் குப்பியைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கு மருந்து இல்ல. தூக்கத்துக்கு வேணும்னா தரலாம், ஆனா அது இதுக்கு மருந்தாகாது. பேசணும். குறெ காலம் பேசணும்" என்றார். குறெ என்றால் ரொம்ப. எத்தனை காலம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "வருஷக்கணக்கா ஆகும். சாரமில்ல, பரவாயில்ல, நான் எங்கயும் போகல" என்றார் டாக்டர்.

வெறும் குப்பியோடு திரும்பி வந்தோம். அம்மா அதை ஆட்டிப் பார்த்தாள். "பேசறதுக்கு ஒரு டாக்டரா? நம்ம தெருவுல பேச ஆளில்லையா?" என்றாள். ஆனால் அடுத்த வாரமும் குப்பியைக் கழுவிக் கொடுத்தாள். ஒருவேளை இந்த வாரம் தரலாமே.

ஆரம்பத்தில் எனக்கு டாக்டரைக் கண்டாலே எரிச்சல். இன்றைக்கு என்ன சமையல், மழை எப்படி, கோலம் என்ன போட்டாய், இதுதான் கேள்வி. நான் குழந்தையைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன், இவர் அவியலில் சேனை போடுவீர்களா என்கிறார். ஒருநாள் கேட்டேவிட்டேன்: "டாக்டரம்மா, இதுக்கா நான் பஸ் ஏறி வரேன்?" அவர் கோபிக்கவில்லை. "நீங்க போற நேரம், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன ஆகும்?" என்றார். அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்தேன். காது அடைக்கும், கை தூரத்தில் இருப்பது போல் இருக்கும் என்றேன். "ஆ, அப்போதான் வேலை இருக்கு" என்றார். அப்படி வரும்போது காலைத் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். தரை சூடா தணுப்பா என்று பார்க்க வேண்டும். கண்ணில் படுகிற சாமான்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது எந்த ஊர், யார் வீடு, எனக்கு இப்போது என்ன வயது என்று சொல்ல வேண்டும். நான் அடுக்களையில் நின்று "அம்மி, குழவி, சொம்பு, வலியசாலை" என்று சொல்ல ஆரம்பித்தேன். பால்காரன் பயந்துபோய்ப் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்காரரிடமும் சொல்லி அனுப்பினார். அந்தச் சின்னவள் வந்தால் விரட்ட வேண்டாம், யார் நீ என்று மிரட்ட வேண்டாம், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வேடிக்கை காட்ட வேண்டாம். "அவளும் இவங்கதான். இவங்களால சகிக்க முடியாததை அவள் எடுத்து வெச்சிருக்கா. அவளை ஓட்டிட்டா அது எங்க போகும்?" என்றாராம். வந்தால் மெதுவாகப் பேச வேண்டும், இது வேறு வீடு, இங்கே யாரும் அடிக்கமாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அவர் இதையெல்லாம் ஆபீஸ் உத்தரவு போலக் கேட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் ஒப்பித்தார். அம்மா, "அடிக்கறதா? யாரு அடிச்சா?" என்று மட்டும் கேட்டாளாம். அப்போது யாருக்கும் பதில் தெரியாது.

பதிலுக்கு முன்னால் கதவு வந்தது. தேர்தல் சமயம். டாக்டர் வீட்டு வாசலில் ஒரு ஜீப் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு நகராமல் நின்று கத்தியது. டாக்டர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். அடுத்தது எனக்குத் தெரிந்தது, டாக்டர் தரையில் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். கதவு விரியத் திறந்திருந்தது. என் கன்னம் ஈரமாக இருந்தது. "தப்பு என்மேல. இனிமே இந்தக் கதவை அடைக்கமாட்டேன்" என்றார். பிறகு என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு, "வீட்டுல இவங்களை வெச்சு எப்போல்லாம் கதவடைப்பீங்க?" என்று கேட்டார்.

அவர் குடையை ஊன்றிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். மாதா மாதம் பின்கட்டு அறை. மந்திரவாதி வந்த நாள். மழை பெய்த நாள். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிப்போயிற்று. தூரமான நாளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, யட்சிக்கும் இல்லை. கதவுதான். இத்தனை காலம் நாங்களே கொண்டி போட்டுப் போட்டுச் சின்னவளை வரவழைத்திருக்கிறோம்.

பஸ் ஸ்டாப்பில் அவர், "அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றார். அந்த அறை அம்மாவின் மாமியார் காலத்துக்கும் முந்தியது. மடி விட்டுப்போனால் அம்மாவுக்கு வீடே விட்டுப்போன மாதிரி. கடைசியில் அவர்தான் சொன்னார், சாப்பிட உட்கார்ந்தபோது, இலையைப் பார்த்துக்கொண்டே. அம்மா, "கதவா?" என்றாள். பிறகு மோர் வேணுமா என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஆசாரி வந்து நின்றான். அம்மா அவனைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், "இதைக் கழட்டு" என்றாள். "வேற கதவு போடணுமா அம்மா?" என்றான். "வேண்டாம். கழட்டினா போறும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா என் பக்கம் திரும்பினாள். "தூரம் தூரம்தான், கேட்டியா. மூணு நாள் இங்கதான் உக்காரணும். அதுல மாத்தமில்லை. கதவு வேணும்னு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்கு?" என்றாள். கழற்றிய கதவை வீணாக்கவில்லை. முற்றத்தில் நாலு செங்கல்லின் மேல் கிடத்தி, அதில் வடாம் பிழிந்தாள்.

எதிர்வீட்டு மாமி பார்க்க வந்தாள். "கதவில்லாட்டா தீட்டு வெளியில வராதா மன்னி?" என்றாள். அம்மா வடாத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "இத்தனை வருஷமா அந்தக் கதவுக்கடியில பெருச்சாளி போற அளவுக்குச் சந்து. அது வழியா வராத தீட்டு இப்பத்தான் வரப்போறதா?" என்றாள். மாமி நாலு வடாம் வாங்கிக்கொண்டு போனாள்.

கதவில்லாத அறையில் முதல் தடவை உட்கார்ந்தபோது கிணறு தெரிந்தது, வாழை தெரிந்தது, அடுக்களை ஜன்னலில் அம்மாவின் முதுகு தெரிந்தது. அங்கிருந்தே அவள் பேசிக்கொண்டிருந்தாள். கத்தரிக்காய் சொத்தை, சாலைக் கடைக்காரன் புளியில் கொட்டையை விட்டுவைக்கிறான், நாளைக்கு ஏகாதசி, இப்படி ஏதாவது. பேச்சுக்கு ஒரு டாக்டரா என்று கேட்டவள்தான். மூன்று நாளும் எனக்கு ஓட்டையில்லாமல் கழிந்தன. அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் சின்னவள் வந்துவிட்டாள்.

இது அம்மா சொல்லிக் கேட்டது. மத்தியானம் இலை போட்டுத் தரையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினாளாம். இலை தரையில் உரசி வருவதைப் பார்த்ததும் என் முகம் மாறியதாம். சாப்பிடவில்லை. அம்மா அடுக்களைக்குள் மலையாளம் பேசி யாரும் கேட்டதில்லை, அது பால்காரனுக்கும் ஆசாரிக்கும் உள்ள பாஷை. அன்றைக்குக் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து, "மோளே, நினக்கு எந்தா வேண்டது?" என்று கேட்டாளாம். உனக்கு என்ன வேண்டும் மகளே என்று. சின்னவள், "அவல்" என்றாளாம். அம்மா உள்ளே போய் அவலில் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்து கொண்டு வந்து வைத்தாள். சின்னவள் இல்லை என்று தலையை அசைத்தாளாம். தள்ளிவிட வேண்டாம், கையில் தா என்று கையை நீட்டினாளாம்.

எனக்குத் தெரிந்தது இதுதான்: கண்ணைத் திறந்தால் என் உள்ளங்கையில் அவல். வாயில் வெல்லம் இனித்தது. கிணற்றடியில் அம்மா தலையோடு ஜலம் விட்டுக்கொண்டிருந்தாள், கட்டிய புடவையோடு. நான் பதறிப்போய், "அம்மா, என்னைத் தொட்டுட்டேளா?" என்றேன். "ஆமாம், தொட்டேன். குளிக்கறேன். ஒரு குளி, அதுக்கு மேல என்ன?" என்றாள். அவள் மடியில் இருந்தாள், இன்னும் சாப்பிடவில்லை, பெருமாளுக்குக் காட்டின சாதம் அடுக்களையில் அப்படியே இருந்தது. அந்த வயதில் அப்படி ஒருத்தி அதைச் செய்தாள் என்றால் அது என்ன என்று அந்தத் தெருவில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அழுகை வந்தது. அவல் கையிலேயே இருந்தது.

அந்த வாரம் டாக்டரிடம் அவலைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் தெரிந்தன. ஒரு கதவுக்கு அடியில், வெளிச்சக் கீற்றில், கறுத்த விரல்கள், ஒரு துண்டு இலையில் அவலைத் தள்ளுகின்றன. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. "இன்னிக்கு இவ்வளவு போதும்" என்பார். நான் சொல்ல வாயெடுத்தாலும் சில நாள் நிறுத்திவிடுவார், தரை சூடா தணுப்பா என்று கேட்பார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த உறவுக்காரர் வீட்டில் என்னைக் கலவறையில் போட்டுப் பூட்டுவார்கள், சாமான் வைக்கிற இருட்டறையில். படுக்கையை நனைத்தால் பூட்டு, பாத்திரம் உடைந்தால் பூட்டு. அடியும் உண்டு. அதற்கு மேலும் ஒன்று நடந்தது. அதை டாக்டரிடம் சொன்னேன், இங்கே சொல்லப்போவதில்லை. முற்றம் பெருக்க வருகிற ஒருத்தி மட்டும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் மலையாளத்தில் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள், அவல் தள்ளுவாள். அவள் முகம் எனக்கு நினைவில்லை. அந்த விரல்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பயந்தபோது சின்னவள் ஏன் மலையாளம் பேசினாள் என்றால், அவளிடம் அன்பாகப் பேசின பாஷை அது ஒன்றுதான்.

டாக்டர் வீட்டுக்குக் குப்பி போவது நிற்கவில்லை. ஆனால் வெறுமே போகவில்லை. அம்மா அதில் கடுமாங்காய் ஊறுகாய் போட்டு அனுப்ப ஆரம்பித்தாள். "மருந்து தராத டாக்டருக்கு நம்ம மருந்து" என்பாள். டாக்டர் அதைத் தின்றுவிட்டுக் குப்பியைக் கழுவித் திருப்பித் தருவார். பின்னால் பாஷை பார்த்து ராஜ்யத்தைப் பிரித்தபோது, என் பிறந்த ஊர் தமிழ்ப் பக்கம் போய்விட்டது என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா, "அவாளுக்கு ரெண்டு பாஷையை ஒரு ஆத்துல வெச்சுக்கத் தெரியலை, உன்கிட்ட வந்து கேக்கச் சொல்லு" என்றாள்.

ஆனால் குழந்தை கரமனையில்தான் இருந்தது. டாக்டர் கொடுக்கலாம் என்றார். என் வீட்டுக்காரரும் கொடுக்கலாம் என்றார். நாத்தனார் மாட்டேன் என்றாள். "அது வரவே வராதுன்னு எழுதிக் குடுப்பாளா அந்த டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் அப்படிச் சொல்ல மாட்டார், எனக்கும் தெரியும். வரலாம், வந்தால் என்ன செய்வதென்று இப்போது தெரியும், அவ்வளவுதான் அவர் சொல்வார். நாத்தனாரின் பயம் பொய்யில்லை. அவள் குழந்தையின் புடைத்த நெற்றியைப் பார்த்தவள். அதோடு, அத்தனை நாளும் ராத்திரி குழந்தை காலைப் போட்டுக்கொண்டு தூங்கியது அவள் மேல்தான். இதையும் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நாத்தனார் குழந்தையோடு வந்திருந்தாள். கூடத்தில் அம்மா அவல் பிசைந்துகொண்டிருந்தாள், குழந்தை அவள் எதிரில் உட்கார்ந்து தேங்காயை எடுத்து எடுத்துத் தின்றது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு காற்று அடித்து வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கூடவே இடி. கூடம் இருண்டது. எனக்குக் காது அடைத்தது, கை தூரத்துக்குப் போயிற்று. தரை, தூண், ஊஞ்சல் என்று சொல்லப் பார்த்தேன். வாயில் வந்தது "எனிக்குப் பேடியா" என்றுதான்.

நாத்தனார் பாய்ந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அம்மா, "கீழ விடு அவளை" என்றாள். "அம்மா, அது வந்திருக்கு." "தெரியும். விடு. நான் இங்கதானே இருக்கேன்." நாத்தனார் விடவில்லை. குழந்தைதான் திமிறி இறங்கியது. அம்மா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து, அது மறுபடி சாத்தாமல் இருக்கக் கல்லுரலின் குழவியை உருட்டி முட்டுக்கொடுத்தாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். என் கையில் கொஞ்சம் அவல் வைத்தாள், குழந்தையின் கையில் கொஞ்சம் வைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் உட்கார்த்தி, "மோளே, இது நின்டே குட்டி. ஒங்க ரெண்டு பேரோட கொழந்தை. ரெண்டு பேருமாப் பார்த்துக்கோங்கோ" என்றாள்.

மழை வந்தது. சாரல் கூடம் வரை அடித்தது, யாரும் கதவைச் சாத்தவில்லை. குழந்தை இடிக்குப் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சின்னவள் அதன் காதைப் பொத்தினாள். தன் காதை இல்லை.

நாத்தனார் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது ராத்திரி பால் குடிக்காம தூங்காது. வெல்லம் போடணும், சக்கரை போட்டாத் துப்பிடும்" என்றாள். அன்றைக்கு அவள் தனியாகத்தான் கரமனைக்குப் போனாள்.

அன்று நடந்ததை நான் அம்மாவிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்கவில்லை, டாக்டரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். என் கழுத்தில் குழந்தையின் கை பட்ட இடத்தில் நனைந்த அவல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையில் கரமனை வீட்டுக் காய்ச்சின எண்ணெய் வாசனை அடித்தது. இடி வெளியில்தான் இருக்கிறது, உள்ளே இல்லை என்று சின்னவள் நினைத்தாள். இதெல்லாம் எனக்கே நினைவிருக்கிறது, யாரும் சொல்லிக் கேட்டதில்லை.